பயம் பொங்காத பல் வைத்திய நிலையம் எப்படி இயங்குகிறது?

குசினியில் பால் காய்ச்சிப் பழகியவருக்குப் பல் வைத்தியரின் கதிரையில் வரும் பயத்தை விளங்கப்படுத்துவது சுலபம். சட்டியை அடுப்பில் ஏற்றிக் கனநேரம் ஒன்றும் நடக்காது. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி, நடுவில் மெல்லிய ஆடை, அவ்வளவுதான். வெங்காயம் உரிக்கத் திரும்பிய ஒரு கணத்தில் பால் விளிம்பைத் தாண்டி அடுப்பையும் அணைத்துவிடும்.

தண்ணீர் இப்படிப் பொங்குவதில்லை. தண்ணீரில் எழும் ஆவிக்குமிழி மேலே வந்ததும் உடைந்துவிடும். பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் மேற்பரப்பில் ஆடையாகப் படிகின்றன. அதே புரதம் ஒவ்வொரு குமிழியையும் உடையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. வெளியேற வழியில்லாத ஆவி நுரையை அடுக்கடுக்காக மேலே தள்ளுகிறது. ஆகவே பால் பொங்குவதற்கு மூன்று சேர வேண்டும்: அடியில் தீ, மேலே மூடிய ஆடை, சூட்டை விடாமல் வைத்திருக்கும் சட்டி.

பல் வைத்தியத்தின் மீதான பயமும் இந்த மூன்றாலும்தான் பொங்குகிறது. காது, மூக்கு, கண், தோல் வழியாக உள்ளே போகும் ஒவ்வொரு தூண்டலும் அடுப்புக்குள் தள்ளப்படும் ஒரு விறகு. ‘என் கையில் ஒன்றுமில்லை, எழுந்து போகவும் முடியாது’ என்ற எண்ணம் மேலே படியும் ஆடை. முன்பு பட்ட வலியின் நினைவு, சூடு ஆறாத சட்டி. அமைதியான பல் வைத்திய நிலையம் என்று நாம் சொல்வது, விறகை நேரத்தோடு இழுத்து, ஆடையைக் கலைத்து, சட்டியை ஆறவிடும் ஓர் ஏற்பாடு. சுவருக்கு இளநீலம் பூசுவதும் மீன்தொட்டி வைப்பதும் அதில் மிகச் சிறிய பங்கு.

இணுவிலில் காங்கேசன்துறை வீதியை அண்டிய ஓர் ஒழுங்கையில், பழைய வீடொன்றின் முன்பக்கத்தை எடுத்து இளம் பல் வைத்தியர் ஒருவர் நிலையம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விறாந்தை, ஒரு ஹோல், உள்ளே இரண்டு அறை, பின்னால் கிணற்றடி. படலையில் தொடங்கிக் கதிரைவரை நடந்து பார்ப்போம்.

உடம்புக்குள் எரிவது என்ன?

ஆபத்து என்று மூளையின் அமிக்டலா என்ற பகுதி கணித்துவிட்டால், நாம் யோசித்து முடிப்பதற்கு முன்பே உடம்பு வேலையைத் தொடங்கிவிடும். அதிரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை குளிர்கிறது, வாய் உலர்கிறது, தோளும் தாடையும் இறுகுகின்றன. இந்த நிலையில் உள்ளவருக்கு வலி சீக்கிரம் தெரியும். விறைப்பு ஊசி வேலைசெய்த பிறகும் முரசில் படும் அழுத்தத்தையும் அதிர்வையும் மூளை வலி என்றே எடுத்துக்கொள்ளும். ‘ஊசி பிடிக்கவில்லை’ என்று பயந்தவர் சொல்வது பொய்யில்லை. அவருக்கு உண்மையிலேயே நோகிறது.

அடுத்து நடப்பதைச் சுவீடனின் கோத்தன்பேர்க்கில் பல் வைத்திய ஆய்வாளர் உல்ஃப் பெர்க்ரென் 1984இல் ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். பயந்தவர் வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார். சூத்தை பெரிதாகிறது. ‘இவ்வளவு காலம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்களே’ என்ற வெட்கமும் சேர்கிறது. கடைசியில் பல்லுக்கொதி தாங்க முடியாமல், இரவு முழுக்கக் கண்விழித்து, வீங்கிய கன்னத்தோடு போகிறார். அந்த நிலையில் மென்மையான சிகிச்சைக்கு வாய்ப்புக் குறைவு, பல்லைக் கழட்டவும் வேண்டி வரலாம். பயந்தது சரிதான் என்று ஆகிவிடுகிறது.

உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2021இல் வெளியான மதிப்பீடு, வளர்ந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குப் பல் சிகிச்சைப் பயம் உண்டு என்றும் நூற்றுக்கு மூன்று பேருக்கு அது கடுமையானது என்றும் சொல்கிறது. எங்கள் நாட்டில் இதற்கு இன்னொரு பாரதூரமான பக்கமும் உண்டு. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை அதன் முதன்மைக் காரணங்கள். புகையிலைத் தோட்டங்களுக்குப் பேர்பெற்ற செம்மண் ஊர்களில் இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படலமோ இருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடியும் ஒரு லைற்றும் இரண்டு நிமிடமும் போதும். வலி துளியும் இல்லை. அந்த இரண்டு நிமிடத்துக்குக்கூட ஒருவரை வரவிடாமல் தடுப்பது பயம்தான்.

விறாந்தையில் சூடேறும் பால்

பயத்தை அளக்க பல் வைத்திய உலகில் பரவலாகப் பயன்படும் ஒரு சிறிய வினாத்தாள் உண்டு. நோர்மன் கோரா 1969இல் உருவாக்கியதை ஜெரி ஹம்ஃப்ரிஸ் குழுவினர் 1995இல் திருத்தினார்கள். மொத்தம் ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. கூட்டுத்தொகை 19 அல்லது அதற்கு மேல் வந்தால் பயம் கடுமையானது. சென்னைப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் இதன் தமிழ் வடிவத்தைச் சோதித்து 2012இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே எங்கள் ஊர் நிலையத்தில் முதல் நாளே தமிழில் கேட்டுவிடலாம்.

ஐந்து கேள்விகளில் மூன்று கதிரையில் நடப்பவை: ட்றில், பல் துப்புரவு, ஊசி. மீதி இரண்டில் ஒன்று, ‘நாளைக்குப் பல் வைத்தியரிடம் போக வேண்டும் என்றால்?’ மற்றது, ‘காத்திருக்கும் அறையில் இருக்கும்போது?’ அதாவது வைத்தியர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பால் பாதி கொதித்துவிடுகிறது. கதிரையில் இருத்திய பிறகு ஆறுதல் சொல்லத் தொடங்குபவர், சட்டி விளிம்புக்கு நுரை வந்த பிறகு ஓடிவருகிறார்.

எங்கள் வழக்கமே விறாந்தை அடுப்பில் விறகை அடுக்குகிறது. பல வைத்தியர்கள் பகலில் அரச வைத்தியசாலையில் வேலை செய்து, பின்னேரம்தான் தங்கள் நிலையத்தைத் திறக்கிறார்கள். நோயாளர் நேரத்தோடு வந்து நம்பர் எடுத்து வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். பதினான்காம் நம்பர்காரர் ஒன்றரை மணித்தியாலம் அந்த வாங்கில் இருந்து, தனக்கு முன்னால் போன பதின்மூன்று பேரும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வெளியே வருவதைப் பார்க்கிறார். இதற்கு மருந்து ஒரு கொப்பியும் ஒரு கைத்தொலைபேசியும்தான். ஆளுக்கு இருபது நிமிடம் என்று நேரம் குறித்து, பிந்தினால் வட்ஸ்அப்பில் அறிவித்தால் எவரும் பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்கத் தேவையில்லை. மிகவும் பயந்தவர்களுக்கு அன்றைய முதல் நேரத்தைக் கொடுக்க வேண்டும். சிகிச்சை முடிந்து வெளியேறுபவருக்குப் பக்கக் கதவால் வழி இருந்தால் இன்னும் நல்லது.

விறாந்தை எங்களுக்கு வாய்த்த பெரிய வசதி. அமெரிக்க ஆய்வாளர் ரொஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பென்சில்வேனிய வைத்தியசாலை ஒன்றில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை ஒப்பிட்டார். யன்னலால் மரங்களைப் பார்த்த 23 பேர், செங்கல் சுவரைப் பார்த்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநிவாரணி அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அதற்குப் பிறகு உலகமெங்கும் வைத்தியசாலைகள் தோட்டத்தைத் தேடின. எங்கள் வீடுகளில் வேம்பும் மாவும் முற்றத்தில் ஏற்கெனவே நிற்கின்றன. நிலையம் தொடங்குபவர்கள் முதலில் செய்வது முற்றத்துக்குச் சீமெந்து போட்டு, விறாந்தையை அலுமினியக் கண்ணாடியால் அடைத்து, உள்ளே ஏசி பூட்டி, சுவரில் சூத்தைப்பல்லின் பெரிய வண்ணப்படம் ஒட்டுவது. இருந்த மருந்தை எறிந்துவிட்டு நோயை வாங்கிவைக்கும் வேலை இது. மரத்தை விடுங்கள். வாங்கை முற்றம் பார்க்கத் திருப்புங்கள். சிகிச்சை அறைக் கதவு எவருடைய கண்ணுக்கும் நேரே இருக்க வேண்டாம். சூத்தைப்பல் படத்தைக் கழற்றுங்கள். அதைப் பார்த்து எவரும் பல் தீட்டக் கற்றதில்லை.

சூழலை மாற்றினால் வராதவர்களும் வருவார்கள் என்பது இணுவில் ஏற்கெனவே கண்ட உண்மை. ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டத் தயங்கிய பெண்களுக்காகவே இங்கு 1898இல் மக்லியோட் ஆஸ்பத்திரி எழுந்தது. மேரி, மார்கரட் லீச் என்ற அமெரிக்க மிஷன் சகோதரிகள் அதற்காகக் கடல்கடந்து நிதி திரட்டினார்கள். டொக்டர் இசபெல்லா கர் நெடுங்காலம் அங்கே பணியாற்றினார். ‘ஏன் பயப்படுகிறீர்கள்?’ என்று அந்தப் பெண்களைக் கேட்டுக்கொண்டிருக்காமல், அவர்கள் தயங்காமல் உள்ளே வரக்கூடிய இடத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். பல் வைத்திய நிலையமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பன்னாடையும் பொச்சுமட்டையும்

எல்லா விறகும் ஒரேமாதிரி எரிவதில்லை. பன்னாடை சட்டென்று பற்றி எரிந்து முடியும். பொச்சுமட்டை புகைந்து புகைந்து நெடுநேரம் கணகணத்துக்கொண்டிருக்கும். பல் வைத்திய நிலையத்தில் ஒலி பன்னாடை, மணம் பொச்சு.

முதலில் ஒலி. 1957இல் அமெரிக்காவின் ஜோன் போர்டன் அறிமுகப்படுத்திய காற்றுச் சுழலி ட்றில் நிமிடத்துக்கு மூன்று இலட்சம் தடவை அளவில் சுழல்வது. அதற்கு முன்பிருந்த மெதுவான ட்றில் மண்டையோட்டையே அதிரவைத்தது. புதியது வேகமாகவும் இலேசாகவும் வெட்டியதால் வலியும் அதிர்வும் குறைந்தன. ஆனால் அதோடு அந்தக் கீச்சொலியும் வந்து சேர்ந்தது. இன்று பலரைப் பயமுறுத்துவது ட்றில் பல்லில் படுவதைவிட, அது அடுத்த அறையில் கிளம்பும் சத்தம்தான்.

பழைய வீட்டு அறையைப் பிரிக்கப் பலகைத் தட்டி அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். தட்டி ஏழு அடி உயரம், ஓட்டுக்கூரையின் முகடு அதைப்போல் இரண்டு மடங்கு. தட்டிக்கு மேலே திறந்திருக்கும் வெளியால் ட்றில் சத்தம் முழுவதும் ஹோலுக்கு இறங்கிவிடும். கீழே எவ்வளவு தடித்த பலகை போட்டாலும் பயனில்லை. காற்று போகும் வழியால் சத்தமும் போகும். ஆகவே சிகிச்சை அறைக்குத் தனியாகச் சீலிங் அடித்து மேல்வெளியை மூட வேண்டும். கதவு உட்குழி இல்லாத கனத்த மரக்கதவாக இருக்க வேண்டும். அதன் அடியில் விரல் நுழையும் இடைவெளிக்கு ரப்பர் பட்டி போட வேண்டும். காற்றழுத்த மெஷினை அறைக்குள் வைக்காமல் பின்பக்கத்தில், கிணற்றடிப் பக்கமாகக் கூரை போட்டு வைத்தால் அதன் உறுமலும் போய்விடும். சிகிச்சை அறைச் சுவரும் தரையும் கழுவித் துடைக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பதால் அங்கே துணியோ பாயோ போட முடியாது. சத்தத்தை உறிஞ்சும் திரைச்சீலை, தும்புப் பாய், புத்தக அலுமாரி எல்லாவற்றுக்கும் இடம் ஹோல்தான்.

கதிரையில் இருப்பவரின் காதுக்கும் ஒரு வழி செய்ய வேண்டும். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2011இல் ட்றில் ஒலியை மட்டும் வடிகட்டி வைத்தியரின் குரலை விட்டுவிடும் ஒரு கருவியை அறிவித்தார்கள். அது இல்லாவிட்டாலும் குறையில்லை. நோயாளர் தாமே தெரிந்தெடுத்த பாட்டு, ஒரு காதில் மட்டும் மாட்டிய ஹெட்போன், இவை போதும். தவில் மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த ஊர் இது. கச்சேரி கேட்டு வளர்ந்த காதுகளுக்கு எது இதம் என்று வைத்தியர் தீர்மானிக்க வேண்டாம், கேட்டால் அவர்களே சொல்வார்கள். ஒருவருக்கு நாதஸ்வர ஆலாபனை, இன்னொருவருக்கு இளையராஜா, ஒரு பிள்ளைக்குக் கார்ட்டூன் பாட்டு. ஹோலில் செய்தி ரீவி மட்டும் வேண்டாம்.

இனி மணம். பல் வைத்திய நிலையத்துக்கென்று ஒரு நெடி உண்டு. அதன் பெரும்பங்கு, குசினி அலுமாரியில் இருக்கும் கராம்பிலிருந்து வருவது. கராம்பு எண்ணெயின் முக்கிய சரக்கான யூஜினோலைத் துத்தநாக ஒட்சைட்டோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைக்கிறார்கள். பிரான்சில் 1998இல் வெளியான ஓர் ஆய்வு இந்த யூஜினோலை முகரக் கொடுத்து உடம்பின் மாற்றங்களை அளந்தது. பல் வைத்தியத்துக்குப் பயப்படாதவர்களுக்கு அது நல்ல மணமாகவே இருந்தது. பயந்தவர்களின் உடம்பு அதே மணத்துக்குப் பயத்தின் அறிகுறிகளைக் காட்டியது. மூக்கிலிருந்து வரும் நரம்பு வழி, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய மூளைப்பகுதிகளுக்கு மிக அண்மையில் போய்ச் சேர்வதால், மணம் பழைய நாளொன்றை அப்படியே எழுப்பிவிடும்.

ஆகவே மருந்துப் போத்தல்களின் மூடி எப்போதும் இறுக்கமாக இருக்கட்டும். பயன்படுத்திய பஞ்சு காலால் மிதித்துத் திறக்கும் மூடியுள்ள வாளிக்குள் போகட்டும். காற்றின் திசையையும் பார்க்க வேண்டும். சோழகம் வீசும் மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து வரும். சிகிச்சை அறை வீட்டின் தென்மேற்கு மூலையில் இருந்தால் நெடி முழுவதும் ஹோலுக்குத்தான். அறையின் பின்சுவரில் காற்றை வெளியே இழுக்கும் ஃபான் ஒன்று பூட்டினால் எந்தக் காற்றடித்தாலும் நெடி பின்பக்கமாகவே போகும். அதன் பிறகு வேண்டுமானால் நல்ல மணம் சேர்க்கலாம். வியன்னாவில் 2000இலும் 2005இலும் நடந்த ஆய்வுகளில், காத்திருப்போர் அறையில் மெல்லிய தோடம்பழ மணம் பரவவிட்டபோது நோயாளரின் பதற்றம் குறைந்தது. சாம்பிராணிப் புகை வேண்டாம். இழுப்புக்காரருக்கு அது ஆகாது.

கதிரையில் படுத்துப் பார்த்தால்

நிலையத்தை அமைப்பவர் நின்றுகொண்டு பார்க்கிறார். நோயாளர் படுத்துக்கொண்டு பார்க்கிறார். இதனால்தான் சுவர் அழகாகவும் சீலிங் ஒட்டடையாகவும் இருக்கின்றன. படுத்திருப்பவருக்கு அறை என்பதே சீலிங்தான். அங்கே ஒரு பெரிய படம், அல்லது மெதுவாக அசையும் வெளிச்சம் இருந்தால் கண்ணுக்கு ஒரு வேலை கிடைக்கும். மேலே இருக்கும் ரியூப்லைற் நேரே கண்ணைக் குத்தக்கூடாது. சிகிச்சை லைற்றை முதலில் நெஞ்சுப் பக்கம் ஏற்றி, பிறகு வாய்க்கு நகர்த்தினால் முகத்தில் சட்டென்று அடிக்காது. கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுவிடுவது நல்லது. பல்லின் நிறத்தைச் சரியாகப் பார்க்க வைத்தியருக்குப் பகல்வெளிச்சம் போன்ற வெள்ளை லைற் தேவை. அந்த வெள்ளை வாய்க்கு மட்டும் போதும், ஹோலுக்கும் விறாந்தைக்கும் மஞ்சள் சாய்ந்த பல்ப் போடலாம்.

ஊசி, குறடு எல்லாம் கிடக்கும் தட்டு தலைக்குப் பின்னால் இருக்கட்டும். ஏசி குளிரையும் கூட்ட வேண்டாம். குளிரில் நடுங்கும் உடம்பைப் பயத்தில் நடுங்கும் உடம்பென்று மனம் கணக்கெடுக்கக்கூடும். மேலே ஒரு போர்வை போட்டுவிடலாம்.

ஊசியையும் சூழலின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும். முரசைத் துடைத்து, விறைக்கும் ஜெல் பூசி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருந்து, மருந்தைக் குளிராகச் செலுத்தாமல் அறைச்சூட்டில் வைத்து, ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு நிமிடம் என்ற நிதானத்தில் செலுத்தினால், பலருக்கு ஊசி போட்டதே தெரியாது. வேகமாகச் செலுத்தும் மருந்து திசுவை விரித்துத் தள்ளுவதால் வரும் வலியே பெரிது. வெறுவயிற்றில் வந்தவருக்கு மயக்கம் வரலாம் என்பதால், ‘சாப்பிட்டுவிட்டு வாருங்கள்’ என்று நேரம் குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஆடையைக் கலைக்கும் அகப்பை

தீயைக் குறைத்தும் பால் பொங்குவதுண்டு. அப்போது கைகண்ட வழி, அகப்பையைச் சட்டிக்குள் விட்டுத் துளாவுவது. ஆடை கலைந்து, ஆவிக்கு வழி கிடைத்ததும் நுரை தானே இறங்கும். பல் வைத்தியத்தில் அகப்பை என்பது, அதிகாரத்தில் ஒரு பங்கை நோயாளர் கையில் கொடுப்பது.

வாய் திறந்திருக்கிறது, பேச முடியாது. முதுகு சாய்ந்திருக்கிறது, எழ முடியாது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாது. இந்த மூன்றுக்கும் தனித்தனி விடை உண்டு. பேச முடியாதவருக்குக் கைச்சைகை. எழ முடியாதவருக்கு இடைவேளை. தெரியாதவருக்கு விளக்கம். ஹரி அடல்ஸ்டன் 1959இல் பிள்ளைகளுக்காக வகுத்துச் சொன்ன ‘சொல், காட்டு, பிறகு செய்’ என்ற ஒழுங்கு பெரியவர்களுக்கும் அப்படியே பொருந்தும். அதை எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

“ஆச்சி, இண்டைக்குப் பல்லுக் கழட்டேல்லை. இந்தக் கண்ணாடியை வைச்சுச் சும்மா பாக்கப் போறன். கையில வாங்கிப் பாருங்கோ, கூரில்லை.”

“நோகுமோ டொக்டர்?”

“இது நோகாது. பிறகு ஏதாவது நோகக்கூடியதெண்டால் முன்னமே சொல்லிப்போட்டுத்தான் செய்வன். உங்களுக்கு ஏலாமல் வந்தால் இடது கையைத் தூக்குங்கோ. நான் உடன நிப்பாட்டுவன்.”

“உண்மையா நிப்பாட்டுவியளோ?”

“இப்பவே தூக்கிப் பாருங்கோ.”

ஆச்சி கையைத் தூக்குகிறார். வைத்தியர் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கையை மடியில் வைக்கிறார். இந்த ஒத்திகைதான் முழு நிலையத்திலும் விலைமதிப்பற்ற சாமான். சைகை வேலை செய்யும் என்று கண்டவருக்குப் பிறகு அதை அதிகம் பயன்படுத்தத் தேவைப்படாது. ஆனால் கையைத் தூக்கியபோது ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று சொல்லித் தொடர்ந்தால், ஒரே நொடியில் எல்லாம் போய்விடும். ‘ஒன்றுமில்லை, நோகாது’ என்று பொய் சொல்வதும் அப்படித்தான். ட்றில்லை ஒன்றிலிருந்து ஐந்து எண்ணும்வரை ஓட்டி நிறுத்துவது, எவ்வளவு முடிந்தது என்று சொல்வது, இவையெல்லாம் ஆவிக்கு வழி திறந்துவிடும்.

மானிப்பாயில் 1840களின் கடைசியில் வைத்தியம் தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழில் மருத்துவம் கற்பித்து மருத்துவ நூல்களையும் தமிழாக்கிய மண் இது. நோயாளர் தம் உடம்பைத் தம் மொழியில் விளங்கிக்கொள்வது அவரது உரிமை. ‘எக்ஸ்ட்ராக்சன், ரூட் கனால்’ என்று வைத்தியரும் தாதியும் தலைக்கு மேல் பேசிக்கொள்ளும்போது, படுத்திருப்பவரின் சட்டியில் ஆடை தடிக்கிறது.

ஆறாத மண்சட்டி

அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் மண்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். நினைவு அப்படிப்பட்டது. நியூசிலாந்து 1921இல் பாடசாலைப் பல் தாதியர் சேவையைத் தொடங்கியது. பிள்ளைகளின் பற்களைக் காத்த அருமையான திட்டம் அது. ஆனால் காலால் மிதித்து ஓட்டும் ட்றில்லும் விறைப்பு ஊசி இல்லாத சிகிச்சையும் சேர்ந்து, அந்த அறைகளுக்குக் ‘கொலைவீடு’ என்ற பட்டப்பெயரைப் பிள்ளைகளிடம் வாங்கிக் கொடுத்தன. அங்கே வளர்ந்த ஒரு தலைமுறை அந்தப் பெயரை முதுமைவரை மறக்கவில்லை. அந்த முன்மாதிரியைப் பின்பற்றி இலங்கையிலும் 1950களில் பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை வேரூன்றியது. இன்றும் எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் முதன்முதலில் வாயைத் திறந்து காட்டுவது பாடசாலைப் பற்சிகிச்சையாளரிடம்தான். அந்த முதல் கதிரை எப்படி இருந்தது என்பது அடுத்த ஐம்பது வருடத்துக்குப் பேசும்.

பிரித்தானிய உளவியலாளர் கிரகாம் டேவி 1989இல் காட்டியது இங்கே உதவும். நோகாத வருகைகள் பல முதலில் நடந்து, பிறகு ஒருநாள் நோக நேர்ந்தவர்களிடம் பயம் எளிதில் வேரூன்றுவதில்லை. முதல் வருகையிலேயே நொந்தவரிடம் அது ஆழமாகப் பதிகிறது. ஆகவே பல்லுக்கொதி வருவதற்கு முன்பே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். கதிரையில் ஏற்றி இறக்கி, பல்லை எண்ணி, அனுப்பிவிடட்டும். ‘குழப்படி செய்தால் டொக்டரிட்டச் சொல்லி ஊசி போடுவிப்பன்’ என்ற வெருட்டலை வீட்டில் நிறுத்துங்கள்.

புலன்கள் கூர்மையான பிள்ளைகளுக்கு, குறிப்பாக ஓட்டிசம் உள்ளவர்களுக்கு, சூழல் மாற்றம் எவ்வளவு உதவும் என்பதை லொஸ் ஏஞ்சலிஸில் 162 பிள்ளைகளை வைத்துச் செய்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. அறையை மங்கலாக்கி, சீலிங்கில் மெதுவாக அசையும் உருவங்களைக் காட்டி, மெல்லிசை போட்டு, உடம்பை அணைத்துப் பிடிக்கும் ஒரு போர்வையைச் சுற்றினார்கள். வழக்கமான அறையில் இருந்ததைவிட அதே பிள்ளைகள் இங்கே குறைவாகவே தவித்தார்கள். இந்தச் சாமான்களில் எதுவும் எங்களுக்கு எட்டாதது இல்லை.

யாழ்ப்பாணத்துச் சட்டிகளில் இன்னொரு சூடும் இருக்கிறது. திடீர்ச் சத்தம், பூட்டிய கதவு, முகத்துக்கு நேரே அடிக்கும் வெளிச்சம், அசையாமல் படு என்ற கட்டளை இவற்றைப் போர்க்காலத்தில் வேறு இடங்களில் பட்டவர்கள் எங்களுக்குள் எத்தனையோ பேர். அவர்கள் காரணம் சொல்லமாட்டார்கள், வைத்தியர் கேட்கவும் தேவையில்லை. கதவைச் சாத்தட்டுமா என்று கேட்பது, கூட வந்தவரை அறைக்குள் இருக்கவிடுவது, கதிரையை முழுதும் சாய்க்காமல் பாதியில் நிறுத்துவது எல்லோருக்கும் பொதுவான வழக்கமாக இருந்தால் அவர்களுக்கும் அது காவலாகும். யாழ்ப்பாணத்தில் அந்தக் காலமெல்லாம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சியையும் மந்திர செபத்தையும் எங்கள் மக்களுக்கு ஏற்ற சாந்த வழிகளாக எடுத்துரைத்தார். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவதை விறாந்தையிலேயே தாதி சொல்லிக்கொடுக்கலாம்.

இவ்வளவும் செய்தும் பொங்கும் சட்டிகள் சில இருக்கும். அவர்களுக்குப் படிப்படியாகப் பழக்கும் உளவியல் சிகிச்சையும், வசதியுள்ள வைத்தியசாலைகளில் அரைமயக்க மருந்தும் உண்டு. பொங்கும் நேரத்தில் தெளிக்கும் தண்ணீர் அது. தேவைப்பட்டால் தயங்காமல் அனுப்ப வேண்டும்.

எதில் தொடங்குவது?

கையில் காசில்லாத இளம் வைத்தியர் நாளைக்கே தொடங்கக்கூடியவை முதலில்: கைச்சைகை, தமிழில் விளக்கம், ஐந்து கேள்வி வினாத்தாள், நேரம் குறிக்கும் கொப்பி, மூடிய போத்தல், திருப்பிப் போட்ட வாங்கு. இவற்றுக்குச் செலவே இல்லை. அடுத்து சிறு செலவில் முடிபவை: கதவடி ரப்பர், பின்சுவர் ஃபான், மஞ்சள் பல்ப், போர்வை, ஹெட்போன், கறுப்புக் கண்ணாடி. கடைசியாகச் சீலிங்கும் கனத்த கதவும் பக்க வழியும். இளநீலப் பெயின்றும் மீன்தொட்டியும் இவை எல்லாம் முடிந்த பிறகு வரட்டும்.

தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பின்னேரம் நிலையத்தைத் திறந்ததும், உங்கள் கதிரையில் நீங்களே பத்து நிமிடம் படுத்திருங்கள். லைற்றை முகத்துக்கு நேரே போடச் சொல்லுங்கள். தாதியிடம் ட்றில்லை ஓட்டச் சொல்லிவிட்டு, எழுந்து போய் விறாந்தை வாங்கில் இன்னொரு பத்து நிமிடம் இருங்கள். எந்த விறகை முதலில் இழுக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதைச் சொகுசு என்று எவரும் தள்ளிவிட வேண்டாம். பயமில்லாமல் வந்து போனவர் ஆறு மாதம் கழித்துத் தானாகவே திரும்பி வருவார். அவர் வாயில் வெள்ளைப் படலம் ஒன்று தொடங்கியிருந்தால் அது சின்னதாக இருக்கும்போதே கண்ணில் படும், உரிய சிகிச்சையும் நேரத்தோடு கிடைக்கும். வலி தாங்காமல் வருடங்கள் கழித்து வருபவருக்கு அந்த வாய்ப்பை எந்த வைத்தியராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.